டிஸ்ப்ளே, சிப் செய்யும் சின்னக் கம்பெனிகளின் பங்குகள்: பாளையங்கோட்டைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபத்தேழு வருஷம் டிவி சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பிக்சர் டியூப் காலத்தில் ஆரம்பித்தது. இப்போது கடையைப் பையன் பார்க்கிறான். போன் டிஸ்ப்ளே மாற்றுவதுதான் அவனுக்கு முக்கால்வாசிச் சோலி. நான் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிஸ்ப்ளேயும் தெரியும், பங்கும் தெரியும் என்பதால் சொந்தக்காரர்களும் கடைக்கு வருகிறவர்களும் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகர் கிடையாது. இதைப் படித்துவிட்டு எதையும் வாங்கச் சொல்லவில்லை.

அண்ணாச்சி, இன்னைக்கு டிஸ்ப்ளே இல்லாத வீடே இல்லை. அப்போ டிஸ்ப்ளே செய்யுத கம்பெனி பங்கு ஏறத்தானே செய்யும்?

எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பொருள் பெருகுவது வேறு, அதைச் செய்கிறவன் கையில் காசு நிற்பது வேறு.

ஒரு டிவியின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். முன்னால் எந்தப் பேர் போட்டிருந்தாலும் சரி, படம் தெரிகிற தகடான பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பிஓஇ, சிஎஸ்ஓடி, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி என்று ஒரு கை விரலில் அடங்குகிற பேர்கள்தான் மாறி மாறி வரும். இருபது பிராண்டு விற்கிற தெருவில் பேனல் செய்கிறவன் நாலைந்து பேர். அப்படியென்றால் அவர்கள் கொழிக்க வேண்டுமே? இல்லை.

பேனல் ஆலை என்பது கண்ணாடித் தகடு வாங்கி வெட்டுகிற சமாச்சாரம் அல்ல. 10.5-ஆம் தலைமுறை ஆலையில் (தகட்டின் அளவை வைத்துச் சொல்கிற கணக்கு அது) ஒரு தகடு 2,940 மில்லிமீட்டருக்கு 3,370 மில்லிமீட்டர். நம் கடை ஷட்டரை விடப் பெரிசு. அப்படி ஓர் ஆலை கட்டிவிட்டால் நஷ்டத்திலாவது ஓட்டியே ஆக வேண்டும், நிறுத்தினால் அதைவிட நஷ்டம். சீனாவில் அரசாங்க ஆதரவோடு ஒன்றன்பின் ஒன்றாக ஆலை எழுந்தபோது பேனல் விலை சரிந்தது. சாம்சங் டிஸ்ப்ளே 2022-ல் எல்சிடி, அதாவது பின்னால் விளக்கு எரிந்து படம் காட்டுகிற வகைப் பேனல், செய்வதையே நிறுத்திவிட்டது. ஷார்ப், ஜப்பானில் சக்காய் ஊரில் 2009-ல் திறந்த பிரம்மாண்ட ஆலையில் டிவி பேனல் உற்பத்தியை 2024-ல் முடித்துக்கொண்டது. சோனி, தோஷிபா, ஹிட்டாச்சி மூன்றும் தங்கள் சின்னத் திரைப் பிரிவுகளைச் சேர்த்து 2012-ல் ஜப்பான் டிஸ்ப்ளே என்று ஒரு கம்பெனியை ஜப்பான் அரசு நிதியோடு உருவாக்கின. 2014 மார்ச்சில் பங்கு 900 யென்னுக்கு வெளியீடு. அதற்கப்புறம் வருஷா வருஷம் நஷ்டம். சில வருஷங்களிலேயே பங்கு நூறு யென்னுக்குக் கீழே போய்விட்டது.

நம் நாட்டிலும் பார்த்தோமே. காஜியாபாத்தில் சாம்டெல் என்று பெரிய பிக்சர் டியூப் கம்பெனி. நான் மாற்றிப் போட்ட டியூப்களில் அவர்கள் பேர் எத்தனை தடவை கண்ணில் பட்டிருக்கும்! டிவி விற்பனை ஏறிக்கொண்டே போன அதே காலத்தில்தான் அந்தத் தொழில் இல்லாமல் போயிற்று. ஜனங்கள் டிவி வாங்குவதை நிறுத்தவில்லை, டியூப் வாங்குவதை நிறுத்தினார்கள்.

அப்போ சின்னக் கம்பெனி பக்கமே போகக்கூடாதா?

அப்படியில்லை. சின்னது என்ன செய்து பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவனோடு நேருக்கு நேர் மோதுகிற சின்னது ஒரு ஜாதி. பெரியவர்கள் எல்லோருக்கும் வேண்டிய ஒரு சாமானை விற்கிற சின்னது இன்னொரு ஜாதி.

பத்தமடையில் பாய் யார் நெய்தாலும் கோரைப்புல் வேண்டும். டிஸ்ப்ளே உலகத்தில் அப்படிக் கோரை விற்கிற கம்பெனிக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் யுனிவர்சல் டிஸ்ப்ளே கார்ப்பரேஷன். ஒரு திரைகூட அவர்கள் செய்து விற்பதில்லை. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுகிற ஓஎல்இடி திரைக்குள் இருக்கும் வேதிப்பொருளையும், அதைப் பயன்படுத்தும் உரிமத்தையும் விற்கிறார்கள். சாம்சங்குக்கும் எல்ஜிக்கும் ஜென்மப் போட்டி, ஆனால் ரெண்டு பேருமே இவர்களுக்கு வாடிக்கையாளர்.

அந்தப் பொருளுக்கு ஏன் அத்தனை மவுசு? பழைய வகை ஓஎல்இடிப் பொருளில், மின்சாரம் பாயும்போது உள்ளே உண்டாகிற கிளர்ச்சி ஆற்றலில் கால்வாசிதான் ஒளியாகும், மிச்சம் சூடாகிப் போகும். இவர்களுடைய பாஸ்பரசன்ட் வகையில் கிட்டத்தட்ட முழுசையும் ஒளியாக்கலாம். பேட்டரியில் ஓடுகிற போனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. சிவப்பும் பச்சையும் இந்த வகையில் வந்துவிட்டன. நீலம்தான் வருஷக்கணக்காக "இதோ வருது, இதோ வருது" என்று நெல்லை எக்ஸ்பிரஸ் பழைய காலத்தில் வந்த மாதிரி.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் கம்பெனி தொடங்கியது 1994-ல். முதல் முழு ஆண்டு லாபம் பார்த்தது 2011-ல். பதினேழு வருஷம். இடையில் போட்டவர்களில் எத்தனை பேர் சலித்துப்போய் விற்றிருப்பார்கள்?

சின்னவன் பெரியவனை நேராகவே ஜெயிச்ச கதை இல்லையா? ஏஎம்டி இன்டெலை அடிச்சுதுல்லா?

இரண்டுமே கம்ப்யூட்டருக்குப் புராசசர் சிப் போடுகிற அமெரிக்கக் கம்பெனிகள். இந்தக் கதையைச் சொல்லாதவன் கிடையாது. ஆனால் பாதியில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2015-ல் ஏஎம்டி பங்கு ரெண்டு டாலருக்குக் கீழே கிடந்தது, 2022-ல் சந்தை மதிப்பில் இன்டெலையே தாண்டியது. இரண்டும் உண்மைதான். ஆனால் 2006-ன் தொடக்கத்தில் அதே பங்கு நாற்பது டாலருக்கு விற்றது. அன்றைக்கும் "இன்டெலை அடிக்கப் போறான்" என்ற பேச்சுதான். அப்போது வாங்கினவர் போட்ட காசைக் கண்ணால் பார்க்க 2019-ன் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாங்கியிருந்தால், அவன் காலேஜ் போகிற வயசில்தான் அசல் திரும்பியிருக்கும்.

ஜெயித்ததற்குக் காரணம் வெறும் வீரம் அல்ல. 2009-ல் ஏஎம்டி தன் ஆலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டது, அவைதான் குளோபல்ஃபவுண்டரிஸ் ஆயின. ஆலைச் சுமை இறங்கியபின் வடிவமைப்பில் மட்டும் கவனம். 2017-ல் ரைசன் என்ற புதுப் புராசசர் வந்தது. 2019-ல், மற்றவர்களுக்குச் சிப் அடித்துக் கொடுக்கிற தைவானின் டிஎஸ்எம்சியிடம் 7 நானோமீட்டரில் (எண் குறையக் குறைய சிப் நுணுக்கம்) அடித்து வாங்கினார்கள். அதே சமயத்தில் இன்டெல் தன் 10 நானோமீட்டர் உற்பத்தியை ஒழுங்காகக் கொண்டுவர முடியாமல் வருஷக்கணக்கில் தடுமாறியது. அதாவது சின்னவன் சரியாகவும் செய்தான், பெரியவன் தடுக்கியும் விழுந்தான். இரண்டில் ஒன்று தப்பியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்படிக் கேட்கப்படாத கதை ஒன்று டிரான்ஸ்மெட்டா. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புராசசர் என்று 2000-ல் அமர்க்களமாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஐடியா நல்ல ஐடியா. இன்டெலும் குறைந்த மின்சார சிப் போட ஆரம்பித்தது. 2009-ல் டிரான்ஸ்மெட்டா வேறு கைக்குப் போய் மறைந்தே போனது.

ஏஎஸ்எம்எல் கதை எனக்குப் பிடிக்கும். நெதர்லாந்தில் 1984-ல் பிலிப்ஸும் இன்னொரு கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. ஆரம்பத்தில் பிலிப்ஸ் வளாகத்தில் ஒரு கொட்டகையில்தான் வேலை. சிப் மேல் கோடு போடும் எந்திரத்தில் அன்றைக்கு நிக்கானும் கேனனும்தான் ராஜாக்கள். இன்றைக்கு மிக நுண்ணிய சிப்புகளுக்கு வேண்டிய ஈயுவி என்கிற கோடு போடும் எந்திரத்தை உலகத்திலேயே இவர்கள் ஒருவர்தான் செய்கிறார்கள். 2012-ல் அந்த எந்திரத்துக்காக இன்டெலும் டிஎஸ்எம்சியும் சாம்சங்கும் இந்தக் கம்பெனியில் பணம் போட்டுப் பங்கே வாங்கினார்கள். ஒருத்தருக்கொருத்தர் எதிரியாக இருக்கிற மூன்று பேரும் ஒரே ஆள் பிழைத்திருக்க வேண்டும் என்று காசு கொடுக்கிறார்கள் என்றால், அந்த ஆள் இருக்கிற இடம் கெட்டியான இடம். சின்னக் கம்பெனியில் நான் தேடுவது இந்த அடையாளத்தைத்தான்.

பெரிய போன் கம்பெனி ஆர்டர் கொடுத்துட்டான்னு நியூஸ் வந்தா உடனே வாங்கலாமா?

அன்றைக்கு வாங்காதீர்கள். எத்தனை ஆர்டர், வேறு யார் யார் வாங்குகிறார்கள், ஆர்டருக்காக எவ்வளவு கடன் என்று முதலில் பாருங்கள்.

ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்று அமெரிக்கக் கம்பெனி. சபையர் என்கிற கெட்டியான படிகம் காய்ச்சுகிற உலை செய்து விற்றுக்கொண்டிருந்தது. 2013 நவம்பரில் ஆப்பிளோடு ஒப்பந்தம். 57.8 கோடி டாலர் முன்பணம், தவணை தவணையாக. அரிசோனாவில் மேசா ஊரில் பெரிய ஆலை. உலை விற்கிறவனாக இருந்தவன், உலையை வைத்துத் தானே காய்ச்சுகிறவனாக மாறினான். பங்கு பறந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது என்ன? இவர்கள் மற்ற போன் கம்பெனிகளுக்கு விற்கக்கூடாது. ஆப்பிள் இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பெரிய சபையர் கட்டிகளில் விரிசல், எதிர்பார்த்த தரம் வரவில்லை. 2014 செப்டம்பரில் ஐபோன் 6 வந்தது, திரையில் சபையர் இல்லை. கடைசித் தவணை நின்றது. அக்டோபர் 6-ஆம் தேதி திவால் மனு. ஒரே நாளில் பங்கு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே ஒரு கல்யாண வீட்டு ஆர்டரை நம்பி அல்வாக் கடைக்காரர் வட்டிக்கு வாங்கிப் பத்து உருளி எடுத்துவிடுகிறார். கல்யாண வீட்டுக்காரரோ "உமக்கு இஷ்டமிருந்தா கிண்டும், பிடிச்சா எடுத்துக்கிடுதேன், ஆனா வேற வீட்டுக்குக் கொடுக்கப்படாது" என்கிறார். இந்தப் பேச்சுக்குத் தாம்பூலம் மாற்றுவீர்களா?

பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் வேறு மாதிரி. ஐபோனுக்குள் படம் வரையும் சிப்பின் வடிவமைப்பு இவர்களுடையது. வருமானத்தில் பாதியளவு ஆப்பிளிடமிருந்து. 2017 ஏப்ரலில், இன்னும் 15 முதல் 24 மாதத்தில் உங்கள் வடிவமைப்பு எங்களுக்கு வேண்டாம், நாங்களே செய்துகொள்கிறோம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. அன்றைக்கே பங்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த வருஷமே கம்பெனி 55 கோடி பவுண்டுக்கு விலை போனது. 2024 பிப்ரவரியில் எல்இடி, சென்சார் செய்கிற ஏஎம்எஸ் ஓஸ்ராமுக்கும் இதே கதி. பொடிப்பொடி எல்இடியையே திரையின் புள்ளியாக வைக்கிற மைக்ரோ எல்இடித் திட்டம் ஒன்றை முக்கிய வாடிக்கையாளர் திடீரென்று ரத்து செய்ததாக அறிவித்தார்கள், பங்கு பொத்தென்று விழுந்தது. இத்தனைக்கும் அது பல்லாயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனி.

ஆண்டறிக்கையில் "ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் இத்தனை சதவீதம்" என்று ஒரு வரி இருக்கும். எனக்கு முப்பதைத் தாண்டினாலே வயிற்றைக் கலக்கும்.

பேட்டன்ட் இருந்தா யாரும் தொட முடியாதுல்லா?

பேட்டன்ட் என்பது கண்டுபிடித்தவனுக்கு அரசு தருகிற தனியுரிமை. மனுப் போட்ட நாளிலிருந்து 20 வருஷம், அவ்வளவுதான் அதன் ஆயுசு. கம்பெனி பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரவே பத்து வருஷம் தின்றுவிட்டால் மிச்சம் பத்து. அதிலும் பெரியவன் மீறினால் கேஸ் நடத்தக் காசு வேண்டும். அவன் வக்கீலுக்குக் கொடுக்கிறது இவன் வருஷ வருமானமாக இருக்கும். நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கிற அல்வாக் கடைக்கு எந்தப் பேட்டன்டும் கிடையாது. சுற்றி எத்தனை கடை வந்தாலும் வரிசை அங்கேதான் நிற்கிறது. தொழிலில் கைப்பக்குவம் என்று ஒன்று உண்டு, அது காகிதத்தில் இருக்காது. ஏஎஸ்எம்எல்லிடம் இருப்பதும் பாதி அதுதான்.

சாம்பிள் காட்டிட்டாங்களே, வீடியோகூட வந்துச்சே. இன்னும் என்ன வேணும்?

மகசூல் வேணும்.

நம் பக்கம் கார், பிசானம் என்று ரெண்டு போகம் நெல் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி நெல் நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காக நூறு ஏக்கருக்கு அதே கணக்குப் போட முடியுமா? சிப் தொழிலிலும் மகசூல் என்றுதான் பேச்சு. ஒரு தட்டில் எத்தனை சிப் அடித்தோம், அதில் எத்தனை தேறியது. டிஸ்ப்ளேயில் இன்னும் கொடுமை. லட்சக்கணக்கான புள்ளியில் நாலு புள்ளி எரியவில்லை என்றால் திரையே கழிவு. பத்துக்கு ஒன்பது தேறினால் லாபம், பத்துக்கு ஆறு தேறினால் ஒவ்வொன்றாக விற்று நஷ்டப்படலாம்.

யூனி-பிக்சல் என்று டெக்சாஸ் கம்பெனி. தொடுதிரைக்கு மெல்லிய உலோகக் கம்பி வலை அச்சடிக்கிற தொழில்நுட்பம். 2013 வாக்கில் பங்கு எகிறியது. பெரிய அளவு உற்பத்திக்குத் தயார் என்று கம்பெனி வெளியே சொன்னபோது, உள்ளே கையால் செய்த சில மாதிரிகள்தான் இருந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2016-ல் நடவடிக்கை எடுத்தது. 2017 ஆகஸ்டில் திவால்.

இதிலே என் பையன் கடையில் கிடைத்த ஒரு பாடமும் உண்டு. ஐபோன் திரை உடைந்து ஒருத்தர் வந்தால் மூன்று விலை சொல்லுவான்: இன்செல், ஹார்டு ஓஎல்இடி, சாஃப்ட் ஓஎல்இடி. இன்செல் என்பது எல்சிடி, விலை குறைவு. போன் கொஞ்சம் தடிமனாகத் தெரியும், கருப்பு சாம்பலாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எல்லோரும் சாஃப்ட் ஓஎல்இடியைத்தான் மெச்சுவார்கள். விலை கேட்டபின் பத்தில் ஏழு பேர் இன்செல் போட்டுக்கொண்டு போவார்கள். நல்ல டெக்னாலஜியா என்பது ஒரு கேள்வி, போதும் என்கிற அளவு நல்லது எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. சின்னக் கம்பெனிகளைச் சாகடிப்பது பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

நம்ம நாட்டுக் கம்பெனி எதுல போடலாம் சார்வாள்?

எதில் என்று சொல்ல மாட்டேன். நிலவரத்தைச் சொல்கிறேன்.

2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்கு செமிகண்டக்டர், அதாவது சிப் தொழிலுக்கான திட்டம் அறிவித்தது, டிஸ்ப்ளே ஆலைக்கும் அதில் இடம் உண்டு. அதன்பின் வந்தவற்றில் பெரியது குஜராத் தொலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து போடுகிற சிப் ஆலை, 91,000 கோடி. அந்த டாடா எலக்ட்ரானிக்ஸ் பங்குச் சந்தையிலேயே இல்லை. சானந்தில் மைக்ரான், அது அமெரிக்கச் சந்தையில். சானந்திலேயே சிஜி பவரும் கெய்ன்ஸும் சிப்பைக் கூடுகட்டிச் சோதிக்கிற தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். இவை இங்கே பட்டியலில் உண்டு, ஆனால் ஒருவர் மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் செய்பவர், இன்னொருவர் போர்டு செய்பவர். சிப் என்பது அவர்கள் தொழிலில் ஒரு கிளைதான். நிஜமாகவே சின்னதாக, சிப்பையே நம்பி இருப்பவை என்றால் ஹைதராபாத்தின் மாஸ்சிப், மறைமலைநகரின் ஸ்பெல் மாதிரி சில. முதலாவது வடிவமைப்பு வேலை, இரண்டாவது சிப்பைக் கூடுகட்டும் வேலை. பல வருஷமாக இருக்கிறார்கள் என்பதையும், இத்தனை வருஷத்தில் எவ்வளவு லாபம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

டிஎஸ்எம்சி 2024-ல் ஆலைக்கும் எந்திரத்துக்கும் மட்டும் செலவழித்தது சுமார் 3,000 கோடி டாலர். நம் திட்டம் மொத்தத்தையும் அது ஒரே வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் செலவழிக்கிறது. இதைச் சொன்னால் "நம்ம நாட்டை மட்டம் தட்டுதீங்க" என்கிறார்கள். நாட்டுக்கு ஆலை வேண்டும், அது வேறு. என் காசு அதில் போக வேண்டுமா என்பது வேறு.

கங்கைகொண்டான்ல சோலார் செல் செய்யுதாங்களே, அதுவும் செமிகண்டக்டர்தானே?

ஆமாம், சிப் செய்கிற அதே சிலிக்கான்தான். டாடா பவரின் துணைக் கம்பெனி அங்கே 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் செல், அவற்றைக் கோத்த மாட்யூல் இரண்டும் செய்கிறது. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அந்த ஆலையைத் தனியாகப் பங்காக வாங்க முடியாது, தாய்க் கம்பெனியைத்தான் வாங்க முடியும், அதற்கு அனல் மின்சாரமும் விநியோகமும் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. சோலாரில் சீனாவின் கை உலக உற்பத்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல். எல்சிடி பேனலில் நடந்தது அங்கேயும் நடக்கிறது. நம் ஆலைகளுக்கு இறக்குமதி வரியும் அரசு விதிகளும் வேலியாக நிற்கின்றன. வேலியை நம்பி வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

பேர்லயே செமிகண்டக்டர்னு இருக்கு, தினமும் அப்பர் சர்க்யூட். வாங்கட்டுமா?

இதற்கு என் கதையையே சொல்கிறேன். பேர் கேட்காதீர்கள்.

டெலிகிராமில் ஒரு குரூப். மச்சினன் சேர்த்துவிட்டான். டிஸ்ப்ளே சம்பந்தமாக ஏதோ செய்யப் போவதாக ஒரு குட்டிக் கம்பெனி, தினமும் ஐந்து சதவீதம் ஏறி அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற விடுகிற உச்ச வரம்பில், பூட்டிக்கொண்டு நின்றது. வாங்கவே கிடைக்காத பொருளுக்கு நமக்கு ஆசை அதிகமாகும்லா? இருபத்தேழு வருஷம் டிஸ்ப்ளே பார்த்தவன் நான், அந்தக் கம்பெனி எந்த ஆலையில் எதைச் செய்கிறது என்று ஒரு நாள்கூடத் தேடிப் பார்க்கவில்லை. சராசரி 118 ரூபாய்க்கு 400 பங்கு கிடைத்தது, 47,200 ரூபாய். 131 வரை போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை திறந்ததும் லோயர் சர்க்யூட்.

லோயர் சர்க்யூட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விலை இறங்குவது மட்டுமில்லை, விற்க முடியாது. திரையில் வாங்குபவர் பக்கம் சுத்தமாகக் காலி, விற்பவர் பக்கம் லட்சக்கணக்கில் வரிசை. காலை ஒன்பது மணிக்கு முன்பே ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பேன், சாயங்காலம் அப்படியே ரத்தாகித் திரும்பி வரும். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் 71 ரூபாய்க்கு எப்படியோ போனது. 18,800 ரூபாய் நஷ்டம். வீட்டம்மாவுக்குத் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

பட்டியலில் உள்ள கம்பெனி புதுத்தொழிலைக் காட்டும்படி பேரை மாற்ற வேண்டுமென்றால், முந்தின ஒரு வருஷ வருமானத்தில் பாதியாவது அந்தத் தொழிலில் இருந்து வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனிச் சொத்தில் பாதியளவாவது அதில் போட்டிருக்க வேண்டும் என்று செபி விதி இருக்கிறது. பேரை மாற்றாமலே "இறங்கப் போகிறோம்" என்று அறிவிக்க எந்தத் தடையும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்தப் பங்கு கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

ஆண்டறிக்கையில எதைப் பாக்கணும்? நூறு பக்கம் இருக்கு.

முதலில், பங்கு எண்ணிக்கை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எத்தனை, இப்போது எத்தனை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

லாபம் இல்லாத சின்னக் கம்பெனி எதை வைத்துச் சம்பளம் கொடுக்கும்? புதுப் பங்கு அடித்து விற்றுத்தான். ஒரு கம்பெனிக்கு ஒரு கோடிப் பங்கு, உங்களிடம் 10,000 என்றால் ஆயிரத்தில் ஒரு பாகம் உங்களுடையது. ரெண்டு தடவை பிரிஃபரன்ஷியல் (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதுப் பங்கு), ஒரு தடவை வாரன்ட் (பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமைச் சீட்டு) என்று பங்கு ஒன்றரைக் கோடியானால் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பாகம். கம்பெனி நாளைக்கு நூறு ரூபாய் சம்பாதித்தாலும் உங்களுக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. வயல் அதே வயல்தான், பங்காளிதான் கூடிப் போனான். "டெக்னாலஜி ஜெயிச்சுது, ஆனா நான் ஜெயிக்கலை" என்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

அடுத்து, கையிருப்புக் காசை வருஷச் செலவால் வகுங்கள். கையில் 30 கோடி, வருஷம் 20 கோடி கரைகிறது என்றால் ஒன்றரை வருஷம். அதற்குள் பொருள் சந்தைக்கு வராவிட்டால் மறுபடி பங்காளி வருவான். பங்கு விலை விழுந்து கிடக்கும்போது வந்தால் இன்னும் நிறையப் பங்கைக் கொண்டுபோவான்.

வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால் சந்தேகப்படுங்கள். புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா பாருங்கள். ஆடிட்டர் நடுவில் விலகினாரா பாருங்கள். வண்ணப் படம் போட்ட முன்பக்கங்களை விட்டுவிடலாம்.

அமெரிக்கப் பங்கை இங்கிருந்தே வாங்க முடியுமா?

முடியும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருத்தருக்கு வருஷம் 2,50,000 டாலர் வரை. வருஷத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மேலே போகிற தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடிக்கும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். நல்ல ஆடிட்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள்.

உள்ளூர்ப் பங்கு என்றால் 2024 ஜூலையிலிருந்து, ஒரு வருஷத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம், மேலே வைத்திருந்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம்.

எவ்வளவு போடலாம்?

முழுசும் போனாலும் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வராத தொகை. எனக்கு அது மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு அஞ்சு, அதையும் மூணு நாலு கம்பெனியாகப் பிரித்து. நகைக் கடன் வைத்துப் போடுகிறேன் என்று வந்த ஒரு பையனை ஏசி அனுப்பினேன்.

பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிட்டா நமக்கு லாபம்தானே?

நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி 1992-ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளம்பிய கம்பெனி, பாலிமர் ஓஎல்இடியில் முன்னோடி. 2007-ல் சுமிட்டோமோ கெமிக்கல் 28.5 கோடி டாலருக்கு எடுத்தது. கிண்டில் என்கிற புத்தகம் படிக்கும் கருவிக்குத் திரை கொடுத்த ஈ இங்க் 2009-ல் தைவானின் பிரைம் வியூவிடம் சுமார் 21.5 கோடி டாலருக்குப் போனது. வாங்கின பிரைம் வியூ அடுத்த வருஷமே தன் பேரை ஈ இங்க் என்று மாற்றிக்கொண்டது, பேரன் பேரைத் தாத்தா வைத்துக்கொண்ட மாதிரி. விலை போன அந்தப் பழைய ஈ இங்க் பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத கம்பெனி, அதில் நாம் நினைத்தாலும் பங்கு வாங்கியிருக்க முடியாது. எல்லோரும் புத்தகம் படிக்கிற திரை, அதில் காசு பார்த்தது அந்தத் தைவான் கம்பெனியின் பங்குதாரர்கள்.

நீங்க இப்போ என்ன வச்சிருக்கீங்க?

ரெண்டு. ஒன்று எல்லா ஆலைக்காரருக்கும் சாமான் விற்கிற கம்பெனி, ஆறு வருஷமாக இருக்கிறது, மூன்று வருஷம் சும்மாவே கிடந்தது. இன்னொன்று வடிவமைப்புக் கம்பெனி, போன காலாண்டில் பங்கு எண்ணிக்கையைக் கூட்டப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். பொதுக்குழு அறிக்கை வந்திருக்கிறது, இன்னும் படித்து முடிக்கவில்லை. என்ன விலைக்கு யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வைப்பதா விற்பதா என்று முடிவு. கடைக்கு வந்தால் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை லீவு.